பல்வாங்கர் பாலு: பந்துக்கு இல்லாத தீட்டு

இரட்டைக் குவளை என்றதும் நம் நினைவுக்கு வருவது கிராமத்துத் தேநீர்க்கடை. அதே குவளை கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது. இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளரான பல்வாங்கர் பாலுவின் வாழ்க்கை அதற்குச் சான்று.

பாலு 1876இல் தார்வாரில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியதால் குடும்பம் புனேயில் வாழ்ந்தது. பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளத்தைக் கூட்டி உருட்டும் வேலைக்கு அவர் பெற்ற மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் வெள்ளையரின் பூனா மன்றத்தில் அது 4 ரூபாயாயிற்று. அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசியே அவர் இடக்கைச் சுழற்பந்தின் நுட்பங்களைக் கற்றார். ஆனால் மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே தரப்படவில்லை. உழைப்பு கீழ்ச்சாதிக்கு, ஆட்டம் மேலோருக்கு என்ற பிரிவினையே அது.

அவரது திறமையை அறிந்த புனே இந்துக்கள், வெள்ளையரை வெல்ல அவரைத் தங்கள் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுக்கப்பட்டது. உணவும் தனியே. பந்துக்கு இல்லாத தீட்டு பாத்திரத்துக்கு இருந்தது.

1896இல் பிளேக் நோய் பரவிய காலத்தில் அவர் பம்பாய் சென்றார். பின்னர் பாம்பே பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் பணியில் அமர்ந்தார். 1906இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்ட வேறுபாட்டில் வென்றபோது பாலுவும் தம்பி சிவராமும் அதில் ஆடினர். 1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, 14 முதல்தர ஆட்டங்களில் 10இல் தோற்றது. அந்தப் பயணத்தில் பாலு ஒருவர் மட்டும் எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டபோது சிவராமும் மற்றொரு தம்பி விட்டலும் விளையாட மறுத்து விலகினர். எதிர்ப்பு வலுத்ததும் பாலு துணைத் தலைவராகச் சேர்க்கப்பட்டார். அணித்தலைவர் பாய் களத்தைவிட்டு வெளியேறிய சிறிது நேரம் மட்டும் அணியை வழிநடத்தினார். 1923இல் விட்டல் தலைவரானார். இந்து அணி கோப்பையை வென்றது. தகுதி எப்போதோ நிறுவப்பட்டிருந்தது. தலைமையைப் பெற்றுத் தந்தது கூட்டு மறுப்பு.

இளமைக்கால அம்பேத்கரின் மதிப்பைப் பெற்றிருந்த பாலு, அரசியலில் அவருக்கு எதிர்நிலை எடுத்தார். 1932இல் தனித்தொகுதி வாக்காளர் முறையை எதிர்த்து எம்.சி.ராஜாவின் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், ராஜா ஆகியோரோடு பாலுவின் கையொப்பமும் உள்ளது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார். பாலு 11,225 பெற்றுத் தோற்றார்.

அவரைத் துரோகி எனத் தள்ளுவதும், இந்த முடிவை மறைத்துப் போற்றுவதும் ஒருசேரப் பிழை. சாதி இந்துக்களோடு ஒரே அணியில் ஆடி இடம் பெற்றவர், ஒரே வாக்காளர் பட்டியலிலும் இடம் கிடைக்கும் என நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையின் விளைவோடுதான் நாம் வாழ்கிறோம். சிறுவாச்சூரை ஒட்டிய பெரம்பலூர் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது; ஆனால் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்போர் எல்லாச் சாதியினரும். எனவே, அணியில் சேர்க்கப்படுவதும் அணித்தலைமையைப் பெறுவதும் ஒன்றா என்று மைதானத்தில் எழுந்த கேள்வி, சட்டமன்றத்திலும் தொடர்கிறது.

தேநீர்க்கடை உள்ளிட்ட பொது இடங்களில் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜூலை 4 அன்று பாலு மறைந்தார். மண்குவளை குற்றமான நாட்டில் அவர் வாழ்ந்தது ஒரு மாதத்துக்குச் சற்றே மேல். சட்டம் வந்துவிட்டது, அதைக் களத்தில் நிறைவேற்றும் பொறுப்பு நம்முடையது.