கம்பனைப் பாட்டாக்கிய கவிராயர்

செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால், பாரதக் கதை விடிய விடியக் கூத்தாக நடக்கும். வல்லம் வட்டாரத்தாருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எழுத்தறியாத பாட்டியும் பாஞ்சாலியின் சபதத்தைப் பிசகாமல் சொல்லுவாள். பாட்டாகக் கேட்ட கதை மறப்பதில்லை அல்லவா?

இதை நன்கு உணர்ந்தவர் சீகாழி அருணாசலக் கவிராயர். இராமர் கதையை அவர் பாட்டாக்கித் தந்தார்.

1711-ம் ஆண்டு தில்லையாடியில் பிறந்தார். 12 வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். தருமபுரம் மடம் அவருக்குக் கல்வி தந்தது. தமிழையும் வடமொழியையும் அங்கே கற்றார்.

கல்வி வந்தது, செல்வம் வரவில்லை. தில்லையாடியில் காசுக்கடை வைத்துக் குடும்பம் நடத்தினார். கடையிலும் ஏட்டை அவர் கைவிடவில்லை. கம்பராமாயணத்தில் அவருக்கு உயிர்.

பிறகு சீகாழியில் குடியேறினார். பக்கத்துச் சட்டநாதபுரத்திலிருந்து வேங்கடராமய்யர், கோதண்டராமய்யர் என்ற இருவர் அவரிடம் கம்பராமாயணம் கேட்க வந்தனர். இருவரும் இசை வல்லவர்கள். கம்பன் கவி கற்றவருக்கு விருந்து. கல்லாதவர் என்ன செய்வார்? எல்லோரும் கேட்டு மகிழ, கதையைக் கீர்த்தனைகளாக்கித் தரும்படி அவர்கள் வேண்டினார்கள்.

அப்போது கவிராயருக்கு வயது 60-ஐ ஒட்டி இருக்கும். ஆயினும் அவர் தயங்கவில்லை. குருநாதர் சொல்லைத் தந்தார். சீடர்கள் மெட்டுத் தந்தார்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பாட்டுகள் பிறந்தன. பேச்சுத் தமிழும் பழமொழியும் அவற்றில் கலந்து வந்தன. இப்படி உருவானதே இராம நாடகக் கீர்த்தனை.

திருவரங்கத்தில் அது அரங்கேறியது. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் அதே தலம்! அங்கே கவிராயர் அரங்கநாதரையும் பாடினார். பெருமாள் ஏன் பள்ளிகொண்டிருக்கிறார், இராமனாக வந்து பட்ட பாட்டின் களைப்போ என்று அன்போடு கேட்கும் பாட்டு அது. சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அவருக்குப் பெரும் சிறப்புச் செய்தார் என்பர்.

1779-ல் கவிராயர் மறைந்தார். அப்போது தியாகராஜருக்கு 12 வயதுதான். முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய மூவரையும் தமிழிசை மூவர் என்று உலகம் போற்றுகிறது.

சீடர்கள் அமைத்த மெட்டுகள் பல காலப்போக்கில் மறைந்தன. பிற்காலப் பாடகர்கள் புது மெட்டு அமைத்தார்கள். மெட்டு மாறியது, சொல் மாறவில்லை. கச்சேரி மேடையிலும் நாட்டிய அரங்கிலும் அது இன்றும் ஒலிக்கிறது.

ஏட்டில் இருந்த இராமனை எழுத்தறியாதவர் நாவிலும் குடியேற்றிய பெருமை, அந்தக் காசுக்கடைக்காரருக்கு உரியது.