கோட்டையூர் தந்த நூற்செல்வர் ரோஜா முத்தையா

ஒரு சமுதாயத்தின் நினைவு அதன் நூல்களில் தங்கியுள்ளது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர்தோறும் நடந்த உ. வே. சாமிநாதையரை நாம் நன்கறிவோம். ஆனால், அச்சேறிய நூலும் அழியக்கூடியதே என்பதை உணர்ந்து, அதனைக் காப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட பெருமகனார் ஒருவரைப் பலர் அறியார். அவரே ரோஜா முத்தையா செட்டியார்.

செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த இவர், பெயர்ப்பலகை எழுதும் ஓவியக் கலைஞராவார். நூல் தொகுப்பது இவருக்குத் தொழிலன்று, வேட்கை. 1950ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணி, இவர்தம் இறுதிநாள்வரை தொடர்ந்தது. நூல்கள், பருவ இதழ்கள், நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், செய்தித்தாள் நறுக்குகள் என ஏறத்தாழ ஓர் இலட்சம் படிவங்கள் இவரிடம் சேர்ந்தன.

இத்தொகுப்பின் தனிச்சிறப்பு, உயர்ந்தது தாழ்ந்தது என்னும் பாகுபாடு பாராமையே எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் மர்ம நாவல்களும் துப்பறியும் கதைகளும் தமிழ் மக்களைப் பெரிதும் ஈர்த்தன. கற்றோர் அவற்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்கினர்; படித்தவர் எடைக்குப் போட்டனர். இன்றோ, அன்றைய மக்களின் மொழியையும் அச்சங்களையும் ஆசைகளையும் அறிய அத்தகைய நூல்களே சான்றாகின்றன. மேலைநாட்டு நிலையும் இதுவே. 1953இல் இயான் பிளெமிங்கின் முதல் ஒற்றர் நாவல் ஐயாயிரத்திற்கும் குறைவான படிகளே அச்சாயிற்று. அம்முதற்பதிப்பை இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

முதற்பதிப்பின் மதிப்பு விலையில் மட்டும் இல்லை. அதன் முகப்புத்தாள் வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றது. பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது; அதற்கு ஆறே ஆண்டுகளுக்குப் பின், 1885இல், சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை வெளிவந்தது. தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் இடம்பெற்றமையை ஐயமின்றி நிறுவ உதவுவது பழம்பதிப்பே. அஃது அழிந்தால் உரிமையும் ஐயத்திற்கு உள்ளாகும்.

1992இல் முத்தையா மறைந்தார். அவர் இல்லம் நாடிவந்து ஆய்வாளர்கள் பயன்கொண்ட அச்செல்வம் சிதறிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைகொடுத்து வாங்கியது. ஆயினும் கடல்கடந்து கொண்டு செல்லாமல், தமிழ்நாட்டிலேயே இருத்தியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நுண்படச் சுருள்களில் பதிவு செய்யும் பணியும் நடைபெற்றது. தரமணியில் இயங்கிவரும் அந்நூலகம் பன்மடங்கு வளர்ந்துள்ளது. நம் செல்வத்தைக் காக்கப் பிறநாட்டார் முன்வந்தமை நன்றிக்குரியது. நாம் முந்தவில்லை என்பது சிந்தனைக்குரியது.

நீலகிரியில் வாழும் நமக்கு இச்செய்தி மிகப் பொருந்தும். மழையும் பனியும் நிறைந்த இம்மலையில் தாள் விரைவில் பூஞ்சை பிடிக்கும். 1859இல் தோன்றிய உதகை நீலகிரி நூலகம் ஆங்கில நூல்களைப் போற்றி வைத்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும், பள்ளிவாசல் அலமாரிகளிலும், முதியோர் பெட்டிகளிலும் உள்ள தமிழ் நூல்களைக் காப்பவர் யார்?

மாணவச் செல்வங்களே! வீட்டிலுள்ள பழைய நூலை எடைக்குப் போடுமுன் அதன் முதல் தாளைப் பாருங்கள்; ஆண்டையும் அச்சகத்தின் பெயரையும் குறித்து வையுங்கள்; ஈரம் படாத இடத்தில் காத்திடுங்கள். பெயர்ப்பலகை எழுதிய ஒருவரால் இயன்றது, பட்டம் பெறும் நம்மால் இயலாதா?