சொல் தொகுத்த வாழ்வு: மைரன் வின்சுலோ

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையெனில் அகராதியைப் புரட்டுகிறோம். அகர வரிசையில் விரல் நகர்கிறது, சொல் கிடைக்கிறது, நூலை மூடிவிடுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ் கற்ற மாணவருக்கு இவ்வசதி எளிதில் வாய்க்கவில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைச் செய்யுளாகவே மனப்பாடம் செய்வது அக்காலக் கல்வியின் முதற்படி. நினைவில் நின்ற நூற்பாவே அகராதி. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்து அகர வரிசைக்கு வழி திறந்தார். பெப்ரீசியசு, இராட்லர் போன்றோர் அவ்வழியில் தொடர்ந்து தமிழ் – ஆங்கில அகராதிகளை உருவாக்கினர். எனினும், புலவரின் செந்தமிழும் தெருவின் பேச்சுத்தமிழும் ஒருங்கே இடம்பெற்ற விரிவான தமிழ் – ஆங்கில அகராதி 1862ஆம் ஆண்டில்தான் சென்னையில் வெளிவந்தது. அதனை நிறைவு செய்தவர் மைரன் வின்சுலோ என்னும் அமெரிக்கர். அந்நூல் உருவான கதை ஒரு குடும்பத்தின் கதையும் ஆகும்.

வின்சுலோ 1789ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த வில்லிசுட்டன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர் பின்னர்க் கல்வியின்பால் திரும்பினார். மிடில்பரிக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்று, 1818இல் சமயப்பணிக்கு அருட்பொழிவு பெற்றார். மறு ஆண்டு சனவரியில் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரைச் சேர்ந்த ஹாரியட் லாத்ரோப்பை மணந்தார். மணம் முடிந்த ஐந்தாம் திங்களில், 1819 சூன் 8ஆம் நாள், 'இந்தசு' என்னும் பாய்மரக் கப்பலில் பாசுட்டன் துறைமுகத்திலிருந்து இருவரும் புறப்பட்டனர். அதே கப்பலில் லெவி சுபால்டிங்கு, என்றி உட்வர்டு, மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோரும் தத்தம் மனைவியருடன் பயணம் செய்தனர். கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்த இக்குழுவினர் யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் தங்கினர். வின்சுலோ இணையருக்கு உடுவிலும் ஸ்கடர் குடும்பத்துக்குப் பண்டத்தரிப்பும் அமைந்தன.

அவர்கள் வந்து சேர்ந்த காலம் நல்ல காலமன்று. இலங்கையை ஆண்ட ஆங்கிலேய அரசு அமெரிக்கரின் வருகையை விரும்பவில்லை. 1820இல் இவர்களுக்குத் துணையாக வந்த ஜேம்சு காரெட் என்னும் அச்சுத்தொழிலாளர் தீவைவிட்டு வெளியேற ஆணையிடப்பட்டார். அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி இருந்தும் அதனை இயக்க ஆளில்லாத நிலை. 1833 வரை அக்குழுவில் புதிதாக எவரும் சேர அரசு இசையவில்லை. இருந்த சிலரே பள்ளிகளை நடத்தினர், நோயாளிகளைப் பேணினர், தமிழைக் கற்றனர். தலைக்கு மேல் வேலையிருந்த அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான் வின்சுலோவின் தமிழறிவு ஆழம் பெற்றது.

கணவர் மொழி பயின்ற அவ்வூரில் ஹாரியட் தொடங்கிய பணி வேறு. பெண்ணுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்னும் எண்ணம் வலுவாக வேரூன்றியிருந்த காலம் அது. ஓலையும் எழுத்தாணியும் ஆண்பிள்ளைகளுக்கே உரியவை என ஊர் கருதியது. பெண்மக்களைப் பள்ளிக்கு அழைத்தபோது பெற்றோர் தயங்கினர், அயலார் நகைத்தனர். தையல் கற்றுத் தருவதாகக் கூறியே முதலில் சில சிறுமியரை வரவழைக்க முடிந்தது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான உண்டு உறைவிடப் பள்ளி உருவாயிற்று. ஆசியாவில் பெண்களுக்கென ஏற்பட்ட முதல் உறைவிடப் பள்ளியாக இது கருதப்படுகிறது. படிப்பை இடையில் விடாமல் நிறைவு செய்யும் பெண்ணுக்குத் திருமணத்தின்போது சீர்ப்பணம் தரப்படும் என்னும் ஏற்பாடும் அப்பள்ளியில் இருந்தது. சீர்ப்பணம் கொடுக்க இயலாமையே பெண்ணைப் பெற்றோரின் பெருங்கவலை என்பதை ஹாரியட்டும் அவருடைய தோழியரும் அறிந்திருந்தனர். வழக்கத்தை எதிர்த்து நின்றதோடு அமையாமல், அவ்வழக்கத்தையே கல்விக்குத் துணையாக்கிய இந்த நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அப்பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக இயங்கி வருகிறது.

ஹாரியட்டின் அழைப்பு அவருடைய பிறந்த வீட்டையும் எட்டியது. அவருடைய தங்கையர் மூவர் அடுத்தடுத்துச் சமயப்பணியாளர்களை மணந்து யாழ்ப்பாணத்துக்கே வந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் நால்வர் தம் ஊரைத் துறந்து ஒரே தமிழ்மண்ணில் வாழ வந்தது அரிய செய்தி. அவர்களுள் எலிசபெத்தின் கணவரான சாமுவேல் அச்சிங்சு பின்னாளில் அகராதிப் பணியிலும் பங்கு கொண்டார்.

ஆனால், அவ்வீட்டில் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வின்சுலோ இணையருக்குப் பிறந்த குழந்தைகளில் சிலர் சிறுவயதிலேயே இறந்தனர். வெப்பநாட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சியும் கல்வியை எண்ணியும் தம் பிள்ளைகளை இளமையிலேயே அமெரிக்காவுக்கு அனுப்புவது அக்குழுவினரிடையே வழக்கமாக இருந்தது. கப்பல் போய்ச்சேரப் பல திங்கள். மடல் வந்துசேரப் பல திங்கள். உடுவிலில் பிறந்து தமிழ்ச் சிறுவர்களோடு வளர்ந்த மூத்த மகன் சார்லசும் அவ்வாறே அனுப்பப்பட்டான். 1832 மே 24ஆம் நாள் நியூயார்க்கில் தன் பதினொன்றாம் வயதில் அவன் இறந்தான். பெற்றோர் அருகில் இல்லை. அடுத்த எட்டுத் திங்களுக்குள், 1833 சனவரி 14ஆம் நாள் ஹாரியட்டும் உடுவிலில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

பிறருடைய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்கள் தம் பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள இயலாமற்போனது அவ்வாழ்வின் பெருங்கசப்பு. அப்பிரிவு தேவைதானா என்று இன்று வாசிப்போர் வினவலாம். அவ்வினா அக்காலத்திலேயே அவர்களுக்குள்ளும் எழாமல் இல்லை. பிள்ளைகளின் பொருட்டு நாடு திரும்பியவர்களும் உண்டு.

தாயை இழந்த மகள்களை அழைத்துக்கொண்டு வின்சுலோ அமெரிக்கா சென்றார். அங்கே மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1835இல் வெளியிட்டார். மகள்களை உறவினரிடம் விட்டுவிட்டு மீண்டும் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறினார்.

1836இல் வின்சுலோவும் ஸ்கடரும் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பணியை விரிவாக்கினர். இம்மாற்றத்துக்கு முதன்மையான காரணம் அச்சு. இலங்கையின் வடமுனையில் அச்சிடும் நூல்கள் அங்குள்ள தமிழருக்கே போதும். கடலுக்கு இப்பால் பன்மடங்கு மிகுதியான தமிழர் வாழ்கின்றனர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சென்னையில் அமெரிக்க மிசன் அச்சகம் நிறுவப்பட்டது. அதனைப் பொறுப்பேற்று நடத்திய பி. ஆர். அண்ட் தொழில்நுட்பம் அறிந்தவர், அழகுணர்ச்சியும் மிக்கவர். அதுவரை தமிழ் எழுத்துருக்கள் அளவில் பெரியனவாக இருந்தமையால் நூல்கள் பருத்து, விலையும் ஏறின. அண்ட் சிறிய, தெளிவான எழுத்துகளை உருவாக்கினார். ஆயிரக்கணக்கான சொற்களை நெருக்கி அடுக்கவேண்டிய அகராதிக்கு இத்தகைய எழுத்துகள் இன்றியமையாதவை. அகராதியின் பெருமையைப் பேசுவோர் அச்சுக்கோத்த கைகளை மறந்துவிடுகின்றனர். ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் பக்கங்களைப் பிழையறக் கோப்பது எளிய வேலையன்று.

அகராதி வின்சுலோ தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்து நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைட் என்னும் ஆங்கிலேயர் பல ஆண்டுகள் சொற்களைத் திரட்டி வந்தார். தமிழ் – தமிழ், ஆங்கிலம் – தமிழ், தமிழ் – ஆங்கிலம் என விரியக்கூடிய பெருந்திட்டம் அது. நைட் தம் பணி முடியுமுன்னரே இறந்தார். அவர் விட்டுச்சென்ற தொகுப்புகள் பலர் கைக்கு மாறின. தமிழ் – தமிழ்ப் பகுதி, சந்திரசேகர பண்டிதர், சுபால்டிங்கு ஆகியோரின் உழைப்பால் 1842இல் மானிப்பாய் அகராதியாக வெளிவந்தது. அதில் 58,500 சொற்கள் இருந்தன. ஆங்கிலம் – தமிழ்ப் பகுதியும் அச்சேறியது. எஞ்சிய தமிழ் – ஆங்கிலப் பகுதியே வின்சுலோவின் மேசைக்கு வந்தது.

பள்ளிகளின் மேற்பார்வை, தமிழ் விவிலியத் திருத்தப் பணி, அச்சக நிருவாகம் ஆகியவற்றுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இதில் உழைத்தார். இக்காலத்தில் அவருடைய வீடு மீண்டும் மீண்டும் வெறுமையுற்றது. 1835இல் அவர் மணந்த காதரீன் 1837இல் இறந்தார். மூன்றாவதாக மணந்தவர் 1843இலும் நான்காமவர் 1852இலும் மறைந்தனர். 1857இல் ஐந்தாம் முறையாக அவர் மணம் புரிந்தார். அம்மனைவியே அவருக்குப் பின்னும் வாழ்ந்தவர். இதனை இக்காலக் கண்கொண்டு நோக்குவது பொருந்தாது. காலராவும் மகப்பேறும் ஓரிரு நாளில் உயிர்கவர்ந்த காலம் அது. குடும்பத்தில் சாவு நேராத ஆண்டு அரிதாக இருந்தபோதும் சொற்களைத் திரட்டும் பணி நின்றுவிடவில்லை.

அப்பணி தனியொருவரால் இயலுவதும் அன்று. ஒரு தமிழ்ச்சொல் செய்யுளில் ஒரு பொருளும் வழக்கில் வேறு பொருளும் தரும். வைத்தியர் வாயில் ஒன்றாகவும் கணக்கர் ஏட்டில் மற்றொன்றாகவும் வழங்கும். கல்லூரியில் மொழி கற்ற அயல்நாட்டார், எத்துணைப் புலமையுடையவராயினும், இவ்வேறுபாடுகளைத் தாமே முடிவு செய்தல் அரிது. வின்சுலோவுக்கு அருகமர்ந்து பொருள் தெளிவித்தவர்கள் தமிழ்ப் புலவர்கள். முகவை இராமாநுசக் கவிராயர் அவர்களுள் தலையானவர், ஜி. யு. போப்புக்குத் தமிழ் கற்பித்தவரும் இவரே. அகராதி அச்சேறியதைக் காணுமுன் கவிராயர் காலமானார். திருத்தணிகை விசாகப்பெருமாள் ஐயர், வீராசாமிச் செட்டியார் முதலியோரும் துணை நின்றனர். இவர்களுக்குத் தாம் பட்ட கடனை வின்சுலோ முன்னுரையில் மறைக்காமல் எழுதினார். ஆயினும், நூலின் முகப்பில் ஒரு பெயரே நின்றது. பின்வந்தோர் நாவிலும் அதுவே நின்றது. நைட்டும் கவிராயரும் முன்னுரையோடு தங்கிவிட்டனர்.

1862இல் நூல் வெளிவந்தது. ஆயிரத்தை நெருங்கும் பெரிய பக்கங்கள். 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். அவற்றுள் 30,000க்கும் மேற்பட்டவை அதற்குமுன் எந்தத் தமிழ் அகராதியிலும் ஏறாதவை. வானநூல், சோதிடம், மருத்துவம், தாவரங்கள், புராணப் பெயர்கள், புலவர் பெயர்கள் ஆகியவற்றோடு அரசு அலுவலகங்களில் வழங்கிய சொற்களும் இதில் இடம்பெற்றன. ஏட்டில் இருந்தவற்றை மட்டுமன்றி மக்கள் வாயில் இருந்தவற்றையும் சொல்லெனக் கொண்டமையே இதன் சிறப்பு.

இதன் முன்னுரையில் வின்சுலோ தமிழின் செய்யுள்நடையைக் கிரேக்கத்தினும் செப்பமானதாகவும், சொல்வளத்தில் தமிழை இலத்தீனினும் மிக்கதாகவும் மதிப்பிட்டார். மேடைகளில் இம்மதிப்பீடு பலமுறை எடுத்தாளப்படுகிறது. ஆனால், அச்சொல்வளத்தில் பிறமொழிகளிலிருந்து பெற்றவற்றையும் அவர் சேர்த்தே எண்ணினார் என்பதை எடுத்தாள்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். வடசொற்களை அவர் மிகுதியாகச் சேர்த்தமை பிற்காலத் தமிழறிஞர்களின் குறைகூறலுக்கும் ஆளாயிற்று. அவர் வழக்கைப் பதிந்தார். வழக்கைத் திருத்த முனையவில்லை.

நூல் முடிந்தபோது வின்சுலோவுக்கு எழுபத்திரண்டு வயது. உடல் தளர்ந்தது. 1864இல் ஓய்வுக்காகத் தாயகம் நோக்கிக் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையை அடைந்த அவரால் அதற்கப்பால் செல்ல இயலவில்லை. அக்டோபர் 22ஆம் நாள் அங்கேயே காலமானார். ஒரே கப்பலில் உடன்வந்த ஸ்கடரும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே முனைப்பகுதியில்தான் இறந்திருந்தார்.

ஹாரியட்டின் மகள்களுள் ஒருவர் தாயின் பெயரையே தாங்கியவர். உடுவிலில் பிறந்து, தாயை இழந்து, அமெரிக்காவில் வளர்ந்த இவர், ஜான் வெல்சு டல்லசு என்னும் சமயப்பணியாளரை மணந்து 1849இல் தந்தை பணியாற்றிய சென்னைக்கே வந்தார். உடல்நலம் குன்றியமையால் சில ஆண்டுகளில் இவ்விணையர் நாடு திரும்பினர். இவர்களுடைய பெயரர்களே பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக விளங்கிய ஜான் பாசுடர் டல்லசும், அந்நாட்டு உளவு அமைப்பின் தலைவராக இருந்த ஆலன் டல்லசும் ஆவர். வாசிங்டன் நகரின் பன்னாட்டு வானூர்தி நிலையம் அவர்களுள் மூத்தவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

சென்னைப் பல்கலைக்கழகம் பேரகராதி ஒன்றைத் தொகுக்க 1913இல் முனைந்தபோது, அதன் முதற்பதிப்பாசிரியராக அமர்ந்தவர் மதுரையில் பணியாற்றிய ஜே. எசு. சாண்டிலர் என்னும் அமெரிக்கர். பின்னர்ப் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை அப்பணியை நிறைவு செய்தார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அத்தொகுதிகளை உருவாக்கத் தொடங்கியபோது, தொகுப்பாளர்கள் அடிப்படையாக முன்வைத்துக்கொண்ட நூல் வின்சுலோவின் அகராதி. அவருடைய நூலும் 1979இல் மறுபதிப்பாக வெளிவந்தது. நூலகங்களில் இன்றும் அது புரட்டப்படுகிறது.