மார்ஷல் வார்டும் காப்பித் துருநோயும்

எம் ஊராகிய எழுமலையில் நின்று மேற்கே நோக்கின் மலைத்தொடர் தோன்றும். ஆயினும் மலைநாடு என்றவுடன் அம்மலையை நினையாது, கடல் கடந்த கண்டிச் சீமையை நினைந்த காலமொன்று மதுரைப் புறத்து ஊர்களுக்கு இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில், சிறப்பாக 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில், இச்சமவெளி மக்கள் கங்காணிமாரைப் பின்தொடர்ந்து இராமநாதபுரக் கரையடைந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, காப்பித் தோட்டங்களிற் கூலி வேலை செய்தனர். வழியிலேயே மாண்டாரும் பலர். அவர்தம் பிழைப்பைத் தாங்கிய காப்பிச் செடிக்கு உற்ற நோயை ஆராய்ந்தவர் ஹாரி மார்ஷல் வார்டு. தாவர நூல் பயிலும் மாணவர் அவர் பெயரை அறிவர். ஏனையோரும் அறிதல் தகும் எனக் கருதி இதனை வரைகின்றோம்.

வார்டு 1854-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரிற் பிறந்தார். இலண்டனில் ஹக்ஸ்லியின் விரிவுரைகளைக் கேட்டு, பின் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிற் பயின்று, 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். ஜெர்மனியில் ஸாக்ஸ் என்னும் பேராசிரியரிடமும் சில காலம் பயின்றார். இலங்கை அரசாங்கம் அவரை 1880-இல் துருநோயை ஆராயுமாறு இரண்டாண்டுக்கு நியமித்தபோது அவர்க்கு வயது இருபத்தாறே.

அந்நோய் 1869-இல் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் மஞ்சட் புள்ளி தோன்றும், அதன்மேல் செம்மஞ்சள் நிறத் தூள் படரும், இலை உதிரும், ஆண்டுதோறும் இலையிழந்த செடி காய்ப்பொழியும். பெர்க்லி என்னும் அறிஞர் அப்பூசணத்திற்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயர் கிடைத்ததேயன்றி மருந்து கிடைத்திலது. மண்ணின் குற்றமென்றனர் சிலர். எருவின் குறையென்றனர் சிலர். கந்தகப் பொடியும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர் சிலர்.

வார்டு செய்தது மிக எளியது. கண்ணாடித் துண்டுகளிற் கிளிசரின் தடவித் தோட்டங்களில் வைத்தார். காற்றிற் பறந்த பூசண வித்துக்கள் அவற்றில் ஒட்டின. நோய் பரவும் வழி காற்றே என்பது இவ்வாறு கண்கூடாயிற்று. வித்து இலைமேல் நிற்கும் நீர்த்துளியில் முளைத்து மெல்லிய இழையொன்றை விடுவதையும், அவ்விழை அடிப்புறத்து நுண்துளை வழியே உட்புகுவதையும், சில வாரங்களில் புதிய தூள் வெளிப்படுவதையும் உருப்பெருக்கியின்கீழ்ப் படிப்படியாய்க் கண்டார். உட்புகுந்த இழையை வெளியே தூவும் பொடி எங்ஙனம் எட்டும்?

இதனினும் கசப்பானதொன்றை அவர் தம் அறிக்கையிற் கூறவேண்டியதாயிற்று. காட்டை வெட்டி, மலைக்கு மலை இடைவெளியின்றிக் காப்பியொன்றையே நட்டதனாலன்றோ ஒரு தோட்டத்து வித்து மறு தோட்டத்திற்குத் தடையின்றிப் பறந்தது! பூசணத்திற்கு எல்லையற்ற உணவை ஊட்டியவர் தோட்டக்காரரே. அவர்களோ மருந்தை எதிர்பார்த்திருந்தவர்கள்; இவ்விடை அவர்க்கு இனிக்கவில்லை. வேண்டுவார் வேண்டியவாறு கூறி நற்பெயர் கொள்ளுதல் அவர்க்கு அரிதன்று. அதனைச் செய்யாது 1882-இல் ஊர் திரும்பியதையே அவர் வாழ்வில் யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

ஒரு காலத்து ஆண்டிற்குப் பத்துக்கோடி இராத்தலுக்கு மேல் ஏற்றுமதியான இலங்கைக் காப்பி சில்லாண்டுகளில் அழிந்தது. தோட்டங்கள் கடனில் மூழ்கின. பலர் கூலியும் பெறாது நின்றனர். பின்னர்த் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறித்தபின் ஊர் திரும்பலாம். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் கிள்ளப்படுவது. எனவே சென்றவர் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர். கண்ணுக்குப் புலனாகாத ஒரு வித்து நம்மவர் பல்லாயிரவரின் குடியிருப்பை மாற்றிய கதை இது.

தாயகம் சேர்ந்த வார்டு 1885-இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவர நூற் பேராசிரியரானார். 1888-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். சூரிய ஒளி நுண்ணுயிர்களை என்செய்யும் என அவர் ஆராய்ந்த முறை மாணவர்க்கு உவப்பூட்டும். அடைப்பான் நோயின் கிருமி வித்துக்களைக் கலந்து பரப்பிய தட்டை, எழுத்து வடிவில் துளையிட்ட மறைப்பால் மூடி வெயிலில் வைத்தார். பின்னர் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க, மறைந்த இடமெல்லாம் கிருமி வளர்ந்து மங்கலாயிற்று. ஒளிபட்ட எழுத்து மட்டும் தெளிவாய் நின்றது. கொல்லும் ஆற்றல் நீலம், ஊதா நிறக் கதிர்களுக்கே மிகுதி என்பதையும் கண்டார். காப்பித் துருவின் வித்தும் கடும் ஒளியில் முளைக்கத் தயங்கி, இருளிலும் ஈரத்திலும் எளிதின் முளைக்கும் என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை.

அவர் இலங்கை நீங்கிய மூன்றாம் ஆண்டில், 1885-இல், பிரான்சு நாட்டு மில்லார்டே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைத் திராட்சை நோய்க்கு மருந்தென வெளியிட்டார். வித்து முளைக்குமுன் இலைமேற் படிந்து காக்கும் அக்கலவை பிற்காலத்தில் தென்னாட்டுக் காப்பித் தோட்டங்களிலும் தெளிக்கப்பட்டது. இலங்கைக் காப்பிக்கு அது காலங்கடந்து வந்த மருந்து.

வார்டு 1895-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். அங்கும் துருநோயை விட்டாரல்லர்; ப்ரோமஸ் என்னும் புல்வகையின் துருவை இறுதிவரை ஆராய்ந்தார். 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், டார்க்கி என்னும் கடற்கரை நகரில் உயிர் நீத்தார்.