ஆர்க்காட்டுக் குதிரைகள்

வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசுவோர் 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாளைப் பேசாமல் விடுவதில்லை. அன்று இருள் பிரியுமுன் எழுந்த சிப்பாய்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவர்கள் கைப்பற்றிய கோட்டையைச் சில மணி நேரத்தில் மீண்டும் பறித்துக்கொண்ட மனிதரைப் பற்றி நம்மவர் எழுதியது குறைவு. பாடநூலில் அவர் ஒரு வரியில் வந்து மறைவார். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கர்னல் கில்லெஸ்பி என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்த விரைவு வேலூருக்கு முன்பும் அவரிடம் இருந்தது. வேலூருக்குப் பின்பும் இருந்து, இறுதியில் அவரையே கொண்டுபோயிற்று.

ராபர்ட் ராலோ கில்லெஸ்பி 1766இல் அயர்லாந்தின் வடபுலத்தில், டௌன் மாவட்டத்துக் கோம்பர் என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1783இல், பதினேழாம் வயதில், குதிரைப்படையில் சேர்ந்தார். இருபதாம் வயதில் எவருக்கும் சொல்லாமல் மணம் புரிந்துகொண்டார். சில காலத்துக்குள் நண்பர் ஒருவரின் துப்பாக்கிச் சண்டைக்குத் துணைவராகச் சென்றவர், அங்கே மூண்ட வாய்ச்சண்டையில் எதிரணியைச் சேர்ந்த பாரிங்டன் என்பவரைத் தாமே சுட்டுக் கொன்றார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். உருவத்தில் சிறியவர், சினத்தில் அப்படி அல்லர்.

மேற்கிந்தியத் தீவுகளில் கழிந்த ஆண்டுகளைப் பற்றி வீரக்கதைகள் பல உண்டு. இரவில் தம் வீட்டில் புகுந்த எட்டுப் பேரைத் தனியொருவராய் வாளால் எதிர்த்து, அறுவரைக் கொன்றார் என்பது அவற்றுள் பெயர்பெற்றது. கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு முகாம்களில் வளர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆயினும் ஒருவரைப் பற்றி எத்தகைய கதை பரவுகிறது என்பதும் அவரை அறிய ஒரு வழிதானே! தாயகம் திரும்பியபின் படைப்பிரிவின் கணக்கு வழக்குகளை முன்னிட்டு இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பிறகு ஐரோப்பாவையும் துருக்கியையும் கடந்து, அலெப்போ, பாக்தாது வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்து சேர்ந்தார். ஆர்க்காட்டில் இருந்த 19ஆம் இலகுக் குதிரைப்படை அவர் பொறுப்பில் வந்தது.

ஆர்க்காட்டிலிருந்து ஏறத்தாழ 16 மைல் தொலைவில், வேலூரில் மனக்குமைச்சல் முற்றிக்கொண்டிருந்தது. சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கின் காலத்தில், 1805 நவம்பரில், சிப்பாய்களின் தோற்றத்தைப் பற்றிய புதிய விதிகள் வந்தன. நெற்றிக்குறியும் காதணியும் கூடா. தாடி மழிக்கப்பட வேண்டும். தோலால் ஆன சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். இந்துவுக்கும் முகம்மதியருக்கும் ஒருங்கே மனம் புண்பட்டது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் அவர் மக்கள் வைக்கப்பட்டிருந்த இடமும் இதே கோட்டை. ஜூலை 9ஆம் நாள் திப்புவின் மகள் ஒருத்திக்கு அங்கே திருமணம். அந்த ஆரவாரம் அடங்கிய நள்ளிரவுக்குப் பின் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். அவரோடு அதிகாரிகள் பலரும், 69ஆம் காலாட்படையின் வெள்ளை வீரர் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். வீரர்களிற் பெரும்பாலோர் படுக்கையிலேயே உயிர்விட்டவர்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறிற்று.

அந்த இரவு கில்லெஸ்பி பான்கோர்ட்டின் விருந்தினராக வேலூரில் இருந்திருக்க வேண்டியவர் என்றும், அலுவற் கடிதங்கள் வந்து அவரைத் தடுத்துவிட்டன என்றும் சொல்வர். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் அனுப்பிய செய்தி ஆர்க்காட்டை எட்டியது. கால்மணி நேரத்துக்குள் கில்லெஸ்பி குதிரையேறிவிட்டார். முழுப்படையும் அணிசேரும்வரை அவர் நிற்கவில்லை. இருபது பேர் அளவிலான சிறு குழுவோடு முன்னே பாய்ந்தார். பீரங்கிகளும் மற்ற குதிரைகளும் பின்னே வந்தன.

கோட்டை வாயிலின் மேல் 69ஆம் படையினர் அறுபது பேர் அளவில் இன்னும் தாக்குப்பிடித்திருந்தனர். அவர்களிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. அதிகாரிகள் என்று சொல்ல எவருமில்லை. சார்ஜெண்டுகளும் உதவி மருத்துவர் இருவருமே வழிநடத்தினர். கதவு உள்ளே அடைபட்டிருந்ததால் குதிரைக்கு வழியில்லை. மேலிருந்து கயிற்றையும் ஒரு சார்ஜெண்டின் இடைக்கச்சையையும் இறக்கச் செய்து, கர்னலே மதிலேறினார். எஞ்சிய வீரரைத் துப்பாக்கி முனைக் கத்திகளோடு அணிவகுத்து, கொத்தளங்களின் வழியே பாய்ந்தார். குண்டில்லாத அறுபது பேரைக்கொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோரை எதிர்கொண்ட அத்துணிவை மறுப்பதற்கில்லை.

பின்வந்த இலகு பீரங்கிகள் வாயிலைத் தகர்த்தன. குதிரைகள் உள்ளே திரும்ப இடம் வேண்டி, கில்லெஸ்பி இரண்டாம் முறையும் காலாட்களோடு பாய்ந்து வாயிலருகே வெளி உண்டாக்கினார். அதன்பின் 19ஆம் படை வாளுருவி நுழைந்தது. மதில் நான்கும் அடைத்த ஒரு கோட்டைக்குள் குதிரைப்படை பாய்ந்தால் அதைப் போர் என்பதா, வேட்டை என்பதா? இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அந்தக் குதிரைகளுள் ஒரு பகுதி சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்தவை; அவற்றின்மேல் இருந்தவர்கள் இந்நாட்டவர். அன்று வேலூரில் இரு பக்கமும் சிந்தியது நம் குருதி.

அரண்மனைக்குள் புகலடைந்த சிப்பாய்கள் நூறு பேர் அளவில் வெளியே இழுத்துவரப்பட்டனர். விசாரணை இல்லை; பெயர் கேட்டல்கூட இல்லை. கில்லெஸ்பியின் ஆணைப்படி அவர்கள் சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். அப்போது உடனிருந்த பொறியியல் அதிகாரி பிளேக்கிஸ்டன் பிற்காலத்தில் எழுதிய நினைவுநூலில் இதனைப் பதிவு செய்தார். அன்று மடிந்த சிப்பாய்கள் 350 பேர் என்பது ஒரு கணக்கு; அதனினும் மிகுதி என்பாரும் உளர். முறையான விசாரணை பிறகு நடந்தது. அதில் அறுவர் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டனர். எழுந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தலைப்பாகை விதியும் கைவிடப்பட்டது; கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். ஆட்சியாளர் தம் பிழையை ஒப்புக்கொண்டது போலத்தான் அது. ஆனால் அந்தப் பிழையை எதிர்த்து எழுந்தவர்கள் சுவரோரம் முடிந்துபோயிருந்தனர்.

கில்லெஸ்பியின் புகழ் ஏறிற்று. 1811இல் டச்சுக்காரரிடமிருந்து ஜாவாவைப் பறித்த போரில், காய்ச்சலோடு எழுந்து மீஸ்டர் கொர்னேலிஸ் அரண் மீதான தாக்குதலை நடத்தினார். 1812இல் யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிப் பிடித்தபோது கையில் காயம்பட்டார். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் அப்போது ஜாவாவின் துணை ஆளுநர். இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவர்மீது குற்றச்சாட்டுகளை எழுதிவைத்துவிட்டு, கில்லெஸ்பி இந்தியா திரும்பினார்.

1814இல் நேபாளப் போர் மூண்டது. டேராடூனுக்கு அருகே நாலாபானிக் குன்றின்மேல் கலங்கா என்னும் சிறிய கோட்டை. அதைக் காத்தவர் பலபத்ர குன்வர்; அவரோடு பெண்டிர், பிள்ளைகள் உட்பட 600 பேர் அளவில் இருந்தனர். மேஜர் ஜெனரலாக உயர்ந்திருந்த கில்லெஸ்பியிடம் 3,500 பேர். அக்டோபர் 31 அன்று நான்கு பக்கமும் அணிகள் நின்று, சைகை கேட்டதும் ஒருசேரத் தாக்குவது திட்டம். குறித்த நேரத்துக்கு முன்பே சைகை எழுந்தது. தொலைவில் இருந்த அணிகளுக்குச் செய்தி சேரவில்லை. கூர்க்காக்கள் முதல் தாக்குதலை முறியடித்தனர். பொறுத்திருந்து, பெரிய பீரங்கிகளை வரவழைத்து, மதிலை உடைத்திருக்கலாம். வேலூரில் பொறுக்காமல் வென்றவருக்கு அது தோன்றவில்லை போலும். தம் பழைய 8ஆம் குதிரைப்படையில் நூறு பேரைக் குதிரையிலிருந்து இறக்கி, தாமே முன்னின்று ஏறினார். வாயிலுக்குச் சில கெஜத் தொலைவில் குண்டு நெஞ்சில் பாய்ந்தது. கடைசி நொடியிலும் டௌன் மாவட்டத்தின் மானத்தைச் சொல்லியே வீரரை ஏவினார் என்பர்.

கலங்கா அதன்பின் ஒரு மாதம் நின்றது. நவம்பர் இறுதியில் இரண்டாம் தாக்குதலும் தோற்றது. குடிநீரைத் தடுத்த பிறகே கோட்டை ஓய்ந்தது; எஞ்சிய எழுபது பேர் அளவினரோடு பலபத்ரர் முற்றுகையை ஊடறுத்து வெளியேறினார்.

கில்லெஸ்பியின் உடல் மீரட்டில் அடக்கம் செய்யப்பட்டது. செய்தி இங்கிலாந்துக்குப் போய்ச்சேர மாதங்கள் ஆகும் காலம் அது. அது எட்டுமுன், 1815 ஜனவரியில், அவருக்கு உயர்ந்த பட்டம் வழங்கி அறிவிப்பு வெளியாயிற்று. கோம்பர் ஊரின் நடுவே, 1845இல் நாட்டப்பட்ட உயரமான தூணின்மேல் அவர் சிலை நிற்கிறது. வேலூர் எழுச்சிக்கு இந்திய அஞ்சல் துறை 2006இல், இருநூறாம் ஆண்டில், தலை வெளியிட்டது. டேராடூனில் ஆங்கிலேயர் எழுப்பிய நினைவுத்தூண்கள் இரண்டு, அருகருகே: ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு மாண்டவர்க்கும், மற்றது, அவரைத் தடுத்து நிறுத்திய பலபத்ரருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும்.