சுவடிகளைக் காத்த பண்டார்க்கர்

புனே நகரில், குன்றின் அடிவாரத்தில், சட்டக் கல்லூரிச் சாலையை ஒட்டி பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகம் அமைந்துள்ளது. பனையோலை, பூர்ஜபத்திரம், காகிதம் ஆகியவற்றில் எழுதப்பட்ட ஏறத்தாழ 28,000 சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுடன், ஓர் அறிஞர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் உள்ளன. அவர்தாம் சர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர். வகுப்பறையில் அவர் சம்ஸ்கிருதப் பேராசிரியர். பிரார்த்தனை சமாஜத்தின் மேடையில் பக்தியை எடுத்துரைக்கும் உபதேசகர்.

கொங்கணக் கடற்கரையில் உள்ள மால்வணில் 1837-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அரசு அலுவலகத்தில் எழுத்தர். ரத்னகிரியில் பள்ளிப் படிப்பு, மும்பை எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் உயர்கல்வி. 1862-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த நால்வருள் அவரும் ஒருவர். மகாதேவ கோவிந்த ரானடே மற்றொருவர். பண்டார்க்கர் சம்ஸ்கிருதத்தை இளமையிலேயே குருகுலத்தில் ஓதியவர் அல்லர். கல்லூரிக் காலத்தின் பிற்பகுதியில்தான் பண்டிதர்களிடம் அமர்ந்து முறையாகக் கற்றார். அவர் எழுதிய சம்ஸ்கிருதப் பாடநூல்கள் இரண்டும் இன்றளவும் மாணவர் கைகளில் இருப்பதற்கு, கற்பவனின் இடர்ப்பாடு அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்ததே காரணம் எனலாம்.

எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் அவர் தற்காலிகப் பேராசிரியராகப் பணியாற்றினார். நிரந்தரப் பதவிக்கோ, கடல் கடந்து பீட்டர் பீட்டர்சன் வரவழைக்கப்பட்டார். அந்தப் புறக்கணிப்பு அவருடைய ஆராய்ச்சியைத் தளரச் செய்யவில்லை. 1882-இல் புனே தக்காணக் கல்லூரியில் கீல்ஹார்ன் வகித்த பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. 1893-இல் ஓய்வு பெறும் வரை அங்கே பணிபுரிந்தார். பின்னர் இரண்டாண்டுகள் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

அவரது வாழ்வின் அரும்பணி சுவடித் தேடல். பம்பாய் அரசு 1866-இல் தொடங்கிய இப்பணியில் பியூலர், கீல்ஹார்ன், பீட்டர்சன் ஆகியோருடன் அவரும் பங்கேற்றார். கோயில்களிலும் சமணப் பண்டாரங்களிலும் பண்டிதர் வீடுகளிலும் பூட்டிக் கிடந்த கட்டுகளைப் பார்ப்பது எளிதன்று. வெளியாரிடம் காட்ட உரியவர்கள் தயங்கினர். காட்டப்படாத சுவடிகளைக் கரையான் தின்றது. கிடைத்தவற்றை விலைக்கு வாங்கியும், விற்க இயலாதவற்றைப் படி எடுத்தும் சேர்த்தனர். கண்டவற்றை விவரித்து அவர் அரசுக்கு அளித்த அறிக்கைகள் வெறும் பட்டியல்கள் அல்ல. பெயரளவில் மட்டுமே அறியப்பட்ட பல ஆசிரியர்களின் காலமும் நூல்களும் அவற்றால் வெளிச்சத்துக்கு வந்தன.

சான்று இல்லாமல் எதையும் ஏற்காத மனம் அவருடையது. மகாபாஷ்யம் இயற்றிய பதஞ்சலியின் காலம் குறித்து 1872-இல் ஜெர்மானிய அறிஞர் வேபருடன் வாதிட்டு, அது கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தையது என நிறுவ முனைந்தார். பக்தி நெறியே கிறிஸ்தவத்தின் தாக்கத்தால் விளைந்தது என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. வாசுதேவ வழிபாட்டைக் காட்டும் கோசுண்டி, பேஸ்நகர் கல்வெட்டுகளையும் பதஞ்சலியின் சொற்களையும் கொண்டு அவர் அதை மறுத்தார். வைணவம், சைவம் முதலிய சமயங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1913-இல் ஸ்ட்ராஸ்பர்கில் வெளிவந்தது. தமிழகத்தைப் பொறுத்தவரை அந்நூலில் குறையும் உண்டு. குலசேகர ஆழ்வாரை அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குத் தள்ளியதைத் தமிழ்நாட்டு அறிஞர்கள் ஏற்கவில்லை. கல்வெட்டில் கண்ட கூர்மை தமிழ்ப் பாசுரங்களில் அவருக்கு வாய்க்காமல் போனது.

இவ்வாறு தராசு பிடித்த கை, பிரார்த்தனையில் கூப்பவும் செய்தது. 1867-இல் மும்பையில் தோன்றிய பிரார்த்தனை சமாஜத்தில் ரானடேயுடன் அவரும் இணைந்தார். உபநிடதங்களிலிருந்தும் துக்காராமின் அபங்கங்களிலிருந்தும் பொருள் எடுத்து மராத்தியில் சொற்பொழிவாற்றினார். ஆராய்ச்சி பக்தியைக் குலைத்துவிடும் என்று அஞ்சுவோர் அன்றும் இருந்தனர். பக்தி ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும் என்று எண்ணுவோரும் இருந்தனர். அவர் இரண்டையும் கைவிடவில்லை.

அதற்கான சோதனை 1891-இல் வந்தது. மண உறவுக்கான இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டத்தைக் குறித்து நாடே கொந்தளித்தது. அன்னிய அரசு தர்மத்தில் தலையிடக் கூடாது என்றார் திலகர். பண்டார்க்கரோ, பருவம் எய்திய பின் மணம் செய்வதைச் சாஸ்திரம் தடுக்கவில்லை எனச் சூத்திரங்களையும் ஸ்மிருதிகளையும் திரட்டி எழுதினார். இருவரும் சம்ஸ்கிருதத்தில் வல்லவர்கள்; மூல வாக்கியங்களின் பொருளைப் பற்றியே வாதம் நடந்தது. எழுத்தோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டில், விதவையாகிவிட்ட தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். சுற்றத்தாரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நூலில் கண்ட முடிவை வீட்டில் நிறைவேற்றத் தயங்கிய சீர்திருத்தவாதிகள் பலர் வாழ்ந்த காலம் அது என்பதை நினைவில் கொண்டால் இச்செயலின் அருமை புலப்படும்.

அவரது எண்பதாம் பிறந்த நாளான 1917 ஜூலை 6 அன்று, மாணவர்களும் அன்பர்களும் அவர் பெயரால் கழகத்தைத் தொடங்கினர். தம் நூலகத்தை அவர் அதற்கு அளித்தார். தக்காணக் கல்லூரியில் இருந்த அரசுச் சுவடிகள் 1918-இல் அங்கு வந்து சேர்ந்தன; இளமையில் தாம் தேடித் திரட்டியவற்றை முதுமையில் தம் பெயர் கொண்ட இல்லத்திலேயே அவர் காண முடிந்தது. 1919 ஏப்ரல் முதல் நாளில், மகாபாரத ஆய்வுப் பதிப்பின் பணியை முதல் சுலோகம் எழுதித் தொடங்கி வைத்தார். அது முடிவதை அவர் காணப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 1925 ஆகஸ்ட் 24, ரிஷி பஞ்சமி நாளில் அவர் மறைந்தார். 1,259 சுவடிகளை ஒப்புநோக்கி, 1966-இல் அப்பதிப்பு நிறைவெய்தியது. ஒப்புநோக்கும் பணியில் தஞ்சைக்கும் பங்கு இருந்தது.

2004 ஜனவரி 5 அன்று ஒரு கும்பல் கழகத்துக்குள் புகுந்தது. சிவாஜி மகாராஜாவைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் எழுதிய நூலின் நன்றியுரையில் கழக அறிஞர்களின் பெயர்கள் இடம்பெற்றதே சினத்துக்குக் காரணம். அலமாரிகள் கவிழ்க்கப்பட்டன, நூல்களும் சுவடிகளும் தரையில் சிதறின. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2007-இல், அங்குள்ள ரிக்வேதச் சுவடிகள் முப்பதை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றுள் காஷ்மீரத்துச் சாரதா எழுத்தில் பூர்ஜபத்திரத்தில் எழுதப்பட்ட சுவடியும் ஒன்று.