பட்டாளம் மறுத்த மாணவர்



டேராடூனுக்கும் எழிமலைக்கும் பரங்கிமலைக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, அஞ்சல்காரர் வரும் திசையையே பார்த்து நிற்கும் நண்பர்கள் நம் மன்றத்தில் உண்டு. எழுத்துத் தேர்வில் வென்று, நேர்முகத்திலும் வென்று, பின்னர் மருத்துவர் குழு இப்போதைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட, மறுசோதனைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இல்லை என்று சொல்லிவிட்டாலும் மனம் ஆறும். இப்போதைக்கு இல்லை என்பதுதான் உறக்கத்தைக் கெடுக்கிறது. விடுதியில் அவர்கள் முகத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. அதை எழுதவே இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

நான் அந்தமானிலிருந்து கப்பலேறிப் படிக்க வந்தவன். எங்கள் தீவுகளில் அந்த மனிதரின் பெயர் படாத இடம் குறைவு. ராஸ் தீவு 2018ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. போர்ட் பிளேயரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆனாலும் எங்கள் வீட்டில் இன்றும் போர்ட் பிளேயர்தான். பழகிய நாக்கு அவ்வளவு எளிதில் கேட்குமா? நிற்க. நான் சொல்ல வந்தது சுபாஷ் சந்திர போஸ் அவர்களைப் பற்றி. நேதாஜியை அல்ல, மாணவர் சுபாஷை.

1897 ஜனவரி 23ஆம் நாள் கட்டாக் நகரில், வழக்கறிஞர் ஜானகிநாத் போசின் ஒன்பதாவது குழந்தையாகப் பிறந்தார். 1913இல் நடந்த மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டாம் இடம். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1916இல், இந்திய மாணவர்களை இழிவாக நடத்தினார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஓட்டன் என்னும் ஆங்கிலப் பேராசிரியரை மாணவர்கள் தாக்கினர். அதன் பழி சுபாஷின் மேலும் விழுந்தது. கல்லூரி வெளியேற்றியது, வேறு கல்லூரியில் சேரவும் பல்கலைக் கழகம் வழிவிடவில்லை. பத்தொன்பது வயதில், முதல் வரிசை மாணவர் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

பெற்றோர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நடந்தது என்ன என்று துருவியும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட பெற்றோர் எத்தனை பேருக்கு வாய்ப்பர்! ஓராண்டுக்கு மேல் கட்டாக்கில் இருந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது கிடக்கவில்லை. காலராவும் அம்மையும் கண்டவர்களுக்குத் தோழர்களோடு பணிவிடை செய்தார். மருந்துப் பெட்டியும் கையுமாகக் கிராமங்களுக்கு நடந்தார். பல்கலைக் கழகம் எப்போது மனம் மாறும் என்று அவருக்குத் தெரியாது. மாறுமா என்பதே தெரியாது.

1917இல் கல்கத்தா திரும்பி, மீண்டும் படிக்க அனுமதி கேட்டார். முடிவு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் அவருக்குப் பட்டாள ஆசை பிறந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இந்தியருக்கென்று படைத்துறைக் கல்லூரி எதுவும் அன்று நம் நாட்டில் இல்லை. டேராடூன் கழகம் தோன்றியதே 1932இல்தான். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இந்தியரைச் சேர்ப்பது என்ற சலுகையும் 1918இல்தான் வந்தது. ஆகவே சாதாரணச் சிப்பாயாகச் சேர்வது ஒன்றே வழி. வங்காளிகளுக்கென்று 49ஆம் படைப்பிரிவு புதிதாக அமைந்திருந்தது. பிற்காலத்தில் பெருங்கவிஞரான நஸ்ருல் இஸ்லாமும் அதிலே சேர்ந்தவர்தாம். சுபாஷ் பீடன் தெருவிலிருந்த ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குச் சென்றார்.

மருத்துவச் சோதனை ஒவ்வொன்றாக நடந்தது. எல்லாவற்றிலும் தேறினார். கடைசியில் கண் சோதனை. கண்ணாடி இல்லாத சுபாஷின் முகத்தை நம்மால் கற்பனை செய்யவும் முடியாது அல்லவா? அங்கேதான் தடை. சோதித்த மருத்துவரிடம் மன்றாடிப் பார்த்தார். தமக்கு அதிகாரமில்லை என்று அவர் மேலிடத்துக்குக் கைகாட்டினார். அங்கும் கதவு திறக்கவில்லை. திரும்பினார்.

எண்ணிப் பாருங்கள்: ஒரு கையில் பல்கலைக் கழகத்தின் மௌனம், மறு கையில் பட்டாளத்தின் மறுப்பு. வயதோ இருபது.

பின்னர் பல்கலைக் கழகம் இசைந்தது. 1917 ஜூலையில் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தார். இனிமேல் படிப்பு ஒன்றே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அதே காலத்தில், இந்தியப் பாதுகாப்புப் படையின் கிளையாகப் பல்கலைக் கழக மாணவர்களுக்கென்று ஒரு படைப்பிரிவு தொடங்கினார்கள். அங்கே கண் சோதனை அவ்வளவு கடுமையில்லை. சுபாஷ் தேறினார்! பெரிய கதவு மூடியதற்காகச் சிறிய கதவை அவர் இகழவில்லை. என் கண்ணுக்கு அவர் வரலாற்றில் இந்த இடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

வில்லியம் கோட்டைக்கு அணிவகுத்துச் சென்று துப்பாக்கி பெற்றார்கள். வேட்டி கட்டிய புத்தகப் பிள்ளைகளைப் படைவீரராக்கும் பொறுப்பு கிரே என்னும் ஸ்காட்லாந்துத் தளபதிக்கு. முரட்டுப் பேச்சும் நல்ல நெஞ்சும் படைத்த மனிதர். கூடாரத்தில் வாழ்க்கை, வெயிலில் பயிற்சி, பெல்காரியாவில் குறிபார்த்துச் சுடுதல். முன்பு சந்நியாசியாக வேண்டுமென்று குருவைத் தேடி வீட்டைவிட்டு ஓடிய அந்த இளைஞருக்கு இந்த வாழ்க்கை பேரின்பமாக இருந்தது. படிப்பையும் விடவில்லை, 1919இல் பி.ஏ. தேர்வில் முதல் வகுப்பு.

இங்கிலாந்து சென்றது, ஐ.சி.எஸ். தேர்வில் நான்காமவராகத் தேறியது, 1921இல் அந்தப் பதவியை உதறியது எல்லாம் நீங்கள் அறிந்தவை. அறியாதது ஒன்று சொல்வேன். கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு அதிகாரிப் பயிற்சிப் படை ஒன்று இருந்தது. இந்திய மாணவருக்கு அதில் இடமில்லை. மாணவர் சங்கத்தின் சார்பில் முறையிடச் சென்றவர்களுள் சுபாஷ் ஒருவர். இந்தியா அலுவலகம் போர் அலுவலகத்தைக் காட்டியது. போர் அலுவலகம் இந்தியா அலுவலகத்தைக் காட்டியது. பயிற்சி பெற்றபின் படையில் அதிகாரிப் பதவி கேட்கமாட்டோம் என்று சொல்லியும் பயனில்லை. இவர்கள் முறையீட்டைக் கேட்ட துணை அமைச்சர் லிட்டன் பிரபுதான் பின்பு வங்காள ஆளுநராக வந்தார். 1924இல் சுபாஷ் சிறைப்பட்டது அவர் ஆட்சியிலேதான்.

1928 கல்கத்தா காங்கிரசில் தொண்டர் படைக்குத் தலைவராக முழுச் சீருடையில் தோன்றினார். நகைத்தவர்கள் உண்டு. இருபது வயதில் திருப்பி அனுப்பப்பட்டவரின் ஏக்கம் அந்தச் சீருடைக்குள் இருந்ததை அவர்கள் எப்படி அறிவார்கள்?

1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவம் அவர்முன் அணிவகுத்தது. மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் மக்கள் ஆயிரக்கணக்கில் அதில் நின்றனர். அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் போர்ட் பிளேயரில் வந்திறங்கினார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியேற்றினார். ஷஹீத், ஸ்வராஜ் என்று தீவுகளுக்குப் பெயரிட்டார். சிற்றறைச் சிறையையும் பார்த்தார்.

இங்கே ஒன்றை மறைத்துவிட்டு மேலே போக எங்கள் தீவில் பிறந்த எவனாலும் முடியாது. 1942 மார்ச்சில் தீவைப் பிடித்த ஜப்பானியர், அந்தச் சிறையிலேயே எங்கள் மக்களை அடைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அப்போது அங்கேதான் கிடந்தார். 1944 ஜனவரி 14ஆம் நாள் இறந்தார். அம்மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியரைச் சுட்டுக் கொன்றார்கள். வந்த தலைவருக்கு ஜப்பானியர் காட்டியதே காட்சி. மக்கள் குரல் அவரை எட்டவில்லை. பிறகு அவர் ஆணையராக அனுப்பிய லோகநாதன், ஆர்க்காடு துரைசாமி லோகநாதன், நம் தமிழர், மருத்துவர். அவர் கைக்குக் கல்வித் துறைதான் வந்தது. காவல் துறை வரவில்லை. சீருடை கிடைத்தது, கொடி கிடைத்தது, ஆட்சி கிடைக்கவில்லை. எங்கள் ஊர் முதியோர் நேதாஜியைப் போற்றிப் பேசும்போதும் நடுவே ஒரு கணம் பேச்சு நின்றுவிடும்.

1944இல் அவர் செய்த இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. தென்கிழக்காசியாவில் வாழ்ந்த இந்திய இளைஞர்களில் 45 பேரைத் தேர்ந்து, ஜப்பானியப் படைத்துறைக் கல்லூரிகளில் தரைப்படை, விமானப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார். சாண்ட்ஹர்ஸ்டும் கேம்பிரிட்ஜும் எட்டாத அவர், தம் பிள்ளைகளுக்கு டோக்கியோவைத் திறந்துவிட்டார். பயிற்சி முடியுமுன் 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அம்மாதமே அவரும் மறைந்தார். தோற்ற நாட்டின் தலைநகரில், தலைவரும் இல்லாமல், அரைகுறைப் பயிற்சியோடு பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுள் ரங்கூனிலிருந்து சென்ற ரமேஷ் பெனகல் என்பவர் தாயகம் வந்து, இந்திய விமானப் படையில் சேர்ந்தார். 1971 போரில் மகாவீர் சக்கரம் பெற்றார்.